போனை எந்தக் காதில் வைக்கிறீர்கள்? தலை ஸ்கேனுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

தர்மபுரியில் 19 வருடமாக ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். முதல் எட்டு வருடம் சி.டி. மட்டும், அப்புறம் எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்துகொண்டது. என் கைக்கு வரும் சீட்டுகளில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும்: "சி.டி. பிரெய்ன். தலைவலி." அவ்வளவுதான்.

என்ன தலைவலி, எத்தனை நாளாக, எந்தப் பக்கம், வேறு என்ன கூடவே இருக்கிறது, எதுவும் இருக்காது. டாக்டரைக் குறை சொல்லவில்லை. அறைக்கு வெளியே நாற்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு எழுதுவார்? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதே இல்லை. பல சென்டர்களில் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார். படம் நெட்டில் போகும். சேலத்திலோ பெங்களூரிலோ இருந்து பார்ப்பார். உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் அக்கா பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறாள். தலைவலி, லேசான தலைசுற்றல் என்று ஒரு டாக்டரிடம் போனாள். அதே வழக்கமான சீட்டு. படம் எடுத்தது நான். ரிப்போர்ட் நார்மல். "ஒண்ணுமில்லக்கா, வெயில்ல நிக்காத, வேளைக்குச் சாப்பிடு" என்று நானே சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வீட்டில் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். போன் வந்தால் வலது கையால் எடுத்து, மெனக்கெட்டு இடது காதுக்குக் கொண்டுபோகிறாள். ஏன் என்று கேட்டேன். "இந்தக் காதுல பேச்சு வெளங்க மாட்டேங்குதுடி. ஒரு வருஷமாவே அப்படித்தான்." சேலத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார். வலது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் 14 மி.மீ. கட்டி.

சி.டி. தப்பில்லை. அந்த இடம் தடித்த எலும்புக்குள் இருக்கிறது. மருந்து போடாத சாதா சி.டி.யில் அங்கே சின்னக் கட்டி தெரிவது கஷ்டம். ஆனால் சீட்டில் "வலது காது கேட்கவில்லை" என்று இருந்திருந்தால் யாரும் சி.டி.யே எழுதியிருக்க மாட்டார்கள். நாம் கேட்ட கேள்விக்குத்தான் ஸ்கேன் பதில் சொல்லும். கேட்காததற்குச் சொல்லாது.

முதல் நாள் இரவு அரைப் பக்கம் எழுதுங்கள்

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின இரவு ஒரு தாளை எடுத்து, நோயாளியோடு யார் அதிகம் இருக்கிறார்களோ அவர்களை வைத்து எழுதுங்கள். நோயாளிக்கே சில விஷயம் தெரியாது. சட்டைப் பொத்தானைப் போட நேரமாகிறதா, நடக்கும்போது ஒரு செருப்பு மட்டும் கழன்றுகொள்கிறதா, சோற்றை ஒரு பக்கம் மட்டும் மெல்கிறாரா, ஒரே விஷயத்தை மூன்று தடவை கேட்கிறாரா, வாசற்படியில் எப்போதும் ஒரே தோள் இடிக்கிறதா. கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தெரியும். ஆனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தால் பார்வையின் ஓரங்கள்தான் முதலில் மங்கும். ஆள் "கண் நல்லாத்தான் தெரியுது" என்பார், தோள் மட்டும் நிலைக்கதவில் இடித்துக்கொண்டே இருக்கும்.

தலைவலியானால், விடியற்காலையில் எழுப்புகிறதா, வாந்தியோடு வருகிறதா, குனிந்தால், இருமினால் கூடுகிறதா என்று எழுதுங்கள். வலிப்பானால் முதலில் எந்தக் கை இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பது முக்கியம். ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். அந்த அரை நிமிட வீடியோவுக்காக நரம்பியல் டாக்டர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

பழைய ஆபரேஷன்களை மறைக்கவே மறைக்காதீர்கள். ஆறு வருடம் முன்பு மார்பகத்தில் கட்டி எடுத்ததைப் பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். மூளையில் தெரியும் ஒரு புள்ளியை ரேடியாலஜிஸ்ட் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதே அதில்தான் இருக்கிறது. மார்பகமும் நுரையீரலும் மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பவை.

எங்கள் மாவட்டத்துக்கு என்று ஒரு விஷயம் உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை பல ஊர்களில் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர்தான். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு முதுகெலும்புத் தசைநார் எலும்பாகவே இறுகிப்போய்த் தண்டுவடத்தை நெரிக்கலாம். கை மரத்துப்போகிறது, கால் விறைக்கிறது, நடை தள்ளாடுகிறது என்று வருவார்கள். சீட்டில் தலை ஸ்கேன் எழுதியிருக்கும். தலையில் ஒன்றும் இருக்காது, விஷயம் கழுத்தில் இருக்கும். எந்த ஊர், என்ன தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரி சேருங்கள்.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

"எது பெருசோ அதையே எடுத்துடுங்க மேடம்" என்பார்கள். பெரிது சின்னது என்று எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

சி.டி. என்பது எக்ஸ்ரேதான். குழாய் தலையைச் சுற்றிச் சுற்றி எடுப்பதைக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகக் கட்டித் தரும். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர் ஹவுன்ஸ்ஃபீல்டு செய்தது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்ததே மூளைக் கட்டி சந்தேகத்துக்குத்தான். ஒவ்வொரு பொருளும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அவர் பெயரில்தான் இன்றும் எண் சொல்கிறோம்: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, உறைந்த புது ரத்தத்துக்குச் சுமார் 60. மூளைக்கு அதைவிடக் குறைவு. அதனால்தான் புதிதாகக் கசிந்த ரத்தம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கிறது.

ஆகவே ரத்தமா இல்லையா என்று அவசரமாகத் தெரிய வேண்டிய இடத்திலெல்லாம் சி.டி.தான். தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிறவர்களுக்கு இரண்டே நிமிடத்தில் படம் வந்துவிடும். (விபத்து என்றால் பணத்துக்காக யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு கொடுக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று 108 ஆட்களுக்குத் தெரியும்.)

பக்கவாதமும் அப்படித்தான். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் மணியைப் பாருங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. சொன்னால்தான் அந்த ஊசியைப் போட முடியும். இந்த இடத்தில் குடும்பத்தார் குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு ஊசி?" அடைப்பு வந்த முதல் சில மணி நேரம் சி.டி.யில் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். அங்கே நார்மல் என்றால் "ரத்தம் கசியவில்லை, ஊசிக்கு வழி இருக்கிறது" என்று அர்த்தம். நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு படம் உண்டு. அது சில நிமிடங்களிலேயே அடைப்பைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் அதற்காக நேரத்தைத் தொலைக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயதானவர்களுக்கு ஒன்று. காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு தாத்தாவைக் கூட்டி வந்தார்கள். பத்து நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார், பேரன் பெயர் வரவில்லை. "வயசாயிடுச்சு" என்று விட்டிருக்கிறார்கள். எங்கேயாவது விழுந்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பாட்டிதான் யோசித்துச் சொன்னார்: "மாந்தோப்புல கிளை ஒண்ணு மண்டையில இடிச்சுது, அது ஆச்சு ஒரு மாசம்." மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவே பிறை வடிவத்தில் பழைய ரத்தம் தேங்கி நின்றது. ஓட்டில் சிறு துளை போட்டு வடித்தார்கள். அடுத்த மாம்பழ சீசனுக்குத் தோப்புக்கே போய்விட்டார். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும்.

தலை சி.டி.யில் வரும் கதிர் அளவு சுமார் 2 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் நம் மேல் படுவதற்குக் கிட்டத்தட்ட சமம். தேவைக்கு எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று டாக்டரைப் பார்த்து மூன்று தடவை எடுப்பதுதான் வீண். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டி சந்தேகம், பெரியவர்களுக்குப் புதிதாக வந்த வலிப்பு, காது நரம்பு, பிட்யூட்டரி, தண்டுவடம் எல்லாம் எம்.ஆர்.ஐ. வேலை. அதில் எக்ஸ்ரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். உடம்பில் இருக்கிற தண்ணீரின் ஹைட்ரஜனைத் தட்டி எழுப்பி அது திருப்பிச் சொல்வதைக் கேட்கிறோம். ஒரே தலையைப் பல விதமாக எடுப்போம். ஒன்றில் கொழுப்பு வெளுக்கும், ஒன்றில் தண்ணீர் வெளுக்கும், ஃபிளேர் என்பதில் சுற்றியுள்ள தண்ணீர் கறுத்து வீக்கம் மட்டும் வெளுத்து நிற்கும். வலிப்புக்கு என்றால் 'எபிலெப்ஸி புரோட்டோகால்' (வலிப்புக்கென்று தனியாகப் படம் எடுக்கும் முறை) என்று சீட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சுருங்கியிருக்கிறதா என்பதை மெல்லிய துண்டுகளாக எடுத்தால்தான் தெரியும். சாதா எம்.ஆர்.ஐ.யில் நழுவிவிடும்.

கட்டி என்றால் பெரும்பாலும் காண்ட்ராஸ்ட் ஊசியும் எழுதுவார்கள். எம்.ஆர்.ஐ.க்கு கடோலினியம், சி.டி.க்கு அயோடின். மூளையின் ரத்தக்குழாய் சாதாரணமாக எதையும் வெளியே விடாது. கட்டியோ கிருமியோ அந்தக் காவலை உடைத்த இடத்தில் மருந்து கசிந்து வெளுக்கும். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும். சிறுநீரகம் மோசமாக இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் போடுவார். முன்பு ஏதாவது ஊசிக்கு அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.

இரும்பு

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் என் வேலையில் பாதி நகையோடு மல்லுக்கட்டுவதுதான். மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. கழித்தல் 269 டிகிரி ஹீலியத்துக்குள் இருக்கிற காந்தம். கரண்ட் போனாலும் அது போகாது. 2018-ல் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே நுழைந்த ஒருவரை இழுத்துக்கொண்டுபோய் அவர் உயிரே போனது.

பெண்களுக்குத் தாலிதான் பெரிய போராட்டம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மை. ஆனால் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கிறீர்களே நாலைந்து ஊக்கு, அதை இழுக்கும்! ஒரு அம்மா எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்று சத்தியம் செய்தார். ஜாக்கெட் உள்பக்கம் ஒரு ஊக்கு ஒளிந்திருந்தது. அறைக்குள் நாலடி வைத்ததும் ஜாக்கெட் துணி கூடாரம் மாதிரி முன்னால் எழுந்து நின்றது. அன்றிலிருந்து முழுதாக எங்கள் கவுனுக்கு மாறாமல் யாரையும் விடுவதில்லை. கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பவர்களுக்காக என் மேஜை டிராயரில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வைத்திருக்கிறேன். மாமியார் கூட வந்திருந்தால் அவர் கையாலேயே கட்டச் சொல்வேன், பிரச்சினை முடிந்தது.

ஆண்கள் அரைஞாண் கொடி, தாயத்து, காப்பு. தாயத்துக்குள் என்ன தகடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கழற்றிவிடுங்கள். பல்செட், காது மெஷின், ஏ.டி.எம். கார்டு, போன் எல்லாம் வெளியே. ஸ்டென்ட், பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், எலும்பில் பிளேட் இருந்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த அட்டையைக் கொண்டுவாருங்கள். இப்போதைய பிளேட், ஸ்டென்ட் பலவற்றுக்குத் தடையில்லை. பேஸ்மேக்கரைச் சும்மா விட முடியாது.

கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் உளி பிடித்தவர்கள், ஓசூர் பக்கம் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லுங்கள். எப்போதோ கண்ணில் பட்ட இரும்புத்தூள் உள்ளேயே தங்கியிருக்கலாம். காந்தத்தில் அது நகர்ந்தால் கண் போய்விடும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம்.

உள்ளே இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம். தகரக்கொட்டகையில் யாரோ சுத்தியலால் அடிப்பது போல இருக்கும்; காதுக்கு அடைப்பான் தருவோம். கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், முடியவில்லை என்றால் அமுக்கலாம். குகை பயம் உள்ளவர்கள் உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உள்ளே போன பிறகு அல்ல. முதலில் கூரையைப் பார்த்துவிட்டால் மூடினாலும் அது கண்ணுக்குள்ளேயே நிற்கும். தலை ஆடினால் படம் போச்சு, திரும்ப எடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முகத்தைப் பார்த்து முடிவைக் கண்டுபிடிக்க எல்லோருமே முயற்சி செய்வார்கள். வீண் வேலை. அப்போது நான் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

சென்டர் வாசலிலேயே நின்று கூகுளில் தேடாதீர்கள். சில வார்த்தைகளை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

'எஸ்.ஓ.எல்.' என்றால் இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டுமே. புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்றால் மருந்து போட்டதும் மோதிரம் மாதிரி வெளுத்த ஒன்று. இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறிய குடும்பங்கள் உண்டு. நம் நாட்டில் வலிப்போடு வரும் இளவயதுக்காரர்களுக்கு இந்த மோதிரம் பெரும்பாலும் நாடாப்புழுவின் கூடு, இல்லாவிட்டால் காசநோய்க் கட்டி. புழுக் கூடு பொதுவாக 20 மி.மீ.க்குள் இருக்கும், நடுவே புழுவின் தலை ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. "நாங்க சுத்த சைவம் மேடம்" என்பார்கள். பன்றிக்கறி சாப்பிட்டால் புழு குடலுக்குத்தான் போகும். மூளைக்கு வினையாவது அந்தப் புழுவின் முட்டை. கழுவாத காய்கறியிலும் அழுக்குத் தண்ணீரிலும் இருக்கும். மருந்துண்டு. சில மாதம் கழித்து மறு ஸ்கேனில் பல மோதிரங்கள் காணாமலே போயிருக்கும்.

'மெனிஞ்சியோமா' என்பது மூளையில் வளர்வதல்ல, மேலுறையில் வளர்வது. படத்தில் உறையோடு ஒட்டி ஒரு வால் நீளும். பெரும்பாலும் சாது. 'கிளையோமா' மூளைக்குள்ளிருந்தே வருவது, அதில் பல தரம். நடுவே அழுகி, ஓரம் ஒழுங்கில்லாமல் வெளுத்தால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள். இங்கே ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்று இன்னொரு சோதனை எழுதலாம். அதே மெஷின்தான், படத்துக்குப் பதில் ரசாயனக் கணக்கு: கோலின் என்ற பொருள் கூடி, நரம்பணுக்களில் இருக்கும் என்.ஏ.ஏ. என்ற பொருள் குறைந்தால் கட்டியின் பக்கம் சாயும். இவ்வளவும் ஊகம்தான். கடைசிச் சொல் சதையை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியுடையது. பெட் ஸ்கேன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மூளை சும்மாவே சர்க்கரையை அள்ளித் தின்னும் உறுப்பு, அதனால் கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் சாதா பெட்டில் மூளைக் கட்டி மறைந்துகொள்ளலாம். உடம்பில் வேறெங்கே இருக்கிறது என்று தேடத்தான் அது.

அறுபதைத் தாண்டியவர் ரிப்போர்ட்டில் 'வயது சார்ந்த சுருக்கம்', 'சிறு ரத்தக்குழாய் மாற்றம்' இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். தலை நரைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷரையும் சர்க்கரையையும் கவனிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மாறாக, நார்மல் என்று வந்ததால் நோயே இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலிக்கும், பலருடைய வலிப்புக்கும், பார்க்கின்சன் கை நடுக்கத்துக்கும் சாதா எம்.ஆர்.ஐ. நார்மலாகவே வரும். பார்க்கின்சனை டாக்டர் நடையையும் கையையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். ஸ்கேன் எடுப்பது வேறு எதுவும் இல்லையே என்று பார்க்க.

கிளம்பும் முன் ஃபிலிமோடு டிஸ்க்கும் கேளுங்கள், அதில் டைகாம் படங்கள் (ஸ்கேனின் அசல் கம்ப்யூட்டர் ஃபைல்கள்) இருக்க வேண்டும். பெங்களூரில் நரம்பு, மூளை நோய்க்கான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி போனாலும் சேலம் போனாலும் அதைத்தான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஜன்னல் கம்பிதான் தெளிவாகத் தெரியும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் பணம் கட்டும் முன்பே ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள், கட்டிய பிறகு அல்ல. மறு ஸ்கேனை முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள், பழைய படத்தோடு. ஒரு கட்டி வளர்ந்ததா என்பது இரண்டு படத்தை அருகருகே வைத்தால்தான் தெரியும்.

அக்காவுக்கு ஆபரேஷன் இப்போது வேண்டாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். சாதுவான கட்டி, மெதுவாக வளரும், வளராமலும் நிற்கும். ஆறு மாதத்தில் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. படங்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு, தக்காளிக் கணக்கு நோட்டோடு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். போன மாதம் நாலாவது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும் போன் போட்டேன். அதே 14 மி.மீ. என்று இரண்டு தடவை சொன்னேன். மார்க்கெட் சத்தம்தான் கேட்டது, அவளிடமிருந்து பதிலே இல்லை.

அப்புறம், "இருடி, காதை மாத்திக்கிறேன்" என்றாள்.